ஏரி துப்பிய அண்டா

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் என்பார்கள். கோதண்டராமன் கெட்டிக்காரனே இல்லை. அவன் புளுகு ஆறு வருஷம் நின்றது. ஏரி மட்டும் சும்மா இருந்திருந்தால் சாகும்வரை நின்றிருக்கும்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் அடி அண்ணாமலை ஏரி நிரம்பியது. அண்டாவில் உட்கார்ந்து அக்கரைக்குப் போக அவனுக்கு ஆசை வந்துவிட்டது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த அண்டா அவன் மனைவி உண்ணாமலையின் கல்யாணச் சீர். பாதி ஏரியில் முங்கிக் கிடந்த பாறையில் இடித்து அடிப்பக்கம் விரல் நீளத்துக்குப் பிளந்துகொண்டது. ஊரே உண்ட மயக்கத்தில் கிடந்த மத்தியானத்தில், அதைக் கரைக்கு இழுத்து வந்து குழி தோண்டிப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

"அண்டா எங்க?" என்றாள் உண்ணாமலை.

"உங்கண்ணன் வந்து எடுத்துட்டுப் போனாரு. கடையில விக்கப் போறாராம்."

அவள் அண்ணன் சகாதேவனுக்குத் திருவண்ணாமலையில் பாத்திரக்கடை. அதனால் பொய் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. உண்ணாமலை கடைக்கே போய், வாடிக்கையாளர் முன்னால் அண்ணனைத் திருடன் என்று கத்திவிட்டு, அவர் எடுக்கவில்லை என்று சொன்னதைக் காதில் வாங்காமல் வந்தாள். அன்றோடு போக்குவரத்து அறுந்தது. ஒவ்வொரு கார்த்திகை தீபத்துக்கும் அண்ணனை நினைத்து அவள் அடுப்படியில் மூக்கைச் சிந்தும்போது கோதண்டராமனுக்குச் சோறு இறங்காது. ஆனால் வாயும் திறக்காது.

எழுபத்தேழில் அடித்த மழையில் ஏரி அலை கரையை அரித்து எடுத்தது. உள்ளேயிருந்து கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகளும், ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு தாழியும் தலைகாட்டின. பள்ளிக்கூட வாத்தியார் இராமலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ரெண்டாயிரம் வருஷத்துச் சமாச்சாரம்! யாரும் தொடாதீங்க!"

ஊர் திரண்டது. தாழிக்குப் பக்கத்தில் பச்சையாகக் களிம்பேறிய ஒரு விளிம்பும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் கோதண்டராமன் முண்டியடித்துக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினான்.

"சார், பழைய பொதையலைத் தொட்டா ரத்தம் கக்குவாங்களாம். மூடிடலாங்க."

"மூடநம்பிக்கை!" என்ற வாத்தியார், பழைய பாத்திரத்தைப் பக்குவமாகத் துலக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று டவுனுக்குச் சொல்லி அனுப்பினார். பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கியது வேறு யார், சகாதேவன்தான். உண்ணாமலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் புளியைக் கரைத்துத் தேய்க்கத் தேய்க்க, புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் மினுங்கின. வாத்தியார் உரக்கப் படித்தார்.

"உண்...ணா...மலை! அம்மன் பேருய்யா! கோயில் பாத்திரம்!"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சகாதேவனின் கை நின்றுவிட்டது. வாத்தியாரே புளியைப் பிடுங்கி அடுத்த வரியைத் தேய்த்தார்.

"அண்ணன் சகாதேவன்... அடேங்கப்பா, பாண்டவர் காலம்!"

மூன்றாம் வரியில் 'கல்யாணச் சீர், 1969' என்று இருந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என் கையால குத்தின எழுத்து," என்றார் சகாதேவன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உண்ணாமலை முன்னால் வந்தாள். அண்டாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஆறு வருஷப் பொய் அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"நான்தான். அதுல ஏறி ஏரியைத் தாண்டப் பார்த்தேன்."

கூட்டத்தில் எவனோ கேட்டான்: "தாண்டினியா?"

"பாதி."

சகாதேவன் அடியிலிருந்த பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இந்த ஓட்டையைப் பத்த வெக்கப் பத்து நிமிஷம் ஆவாது மாப்ளே. என் கடைக்குத் தூக்கிக்கினு வந்திருந்தா நானே அடைச்சிக் குடுத்திருப்பேன். இதுக்கா என் தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்க வுடாம பண்ணே?"

உண்ணாமலை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் பேசினதை மனசுல வெச்சிக்காதண்ணா. சாப்புட வா." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாத்தியாரிடம் திரும்பினாள். "சார், ஒங்களுக்குப் பழைய சாமான் ஏதாச்சும் வேணும்னா, தோ நிக்கிறாரே, இவரை எடுத்துக்கினு போங்க."

ஊர் வெடித்துச் சிரித்தது. கோதண்டராமன் முகத்தை மறைக்க வழி தெரியாமல் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். உள்ளே அந்தச் சிரிப்பு இரண்டு மடங்காகக் கேட்டது. ஆனாலும் அதற்கு நடுவே, முன்னால் போகும் அண்ணனும் தங்கையும் ஓயாமல் பேசிக்கொண்டே போவதும் கேட்டது. அன்று மத்தியானம் அவன் மூன்று தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.