ஈரக் காய்

மாலத்தீவிலிருந்து ஷரீஃபா அனுப்பிய படத்தில் எலுமிச்சைகள் பழுப்பாகக் குழைந்து கிடந்தன. பதினாறு பெட்டிகள். எல்லாம் சங்கரன்கோவிலில் நான் கட்டி அனுப்பியவை. படம் ஹாலிதாவின் போனுக்கு வந்திருந்தது.

ஹாலிதா என் மனைவி. மூன்று நாள் காய்ச்சலில் போய் ஐம்பத்திரண்டு நாட்கள் ஆகின்றன. ஷரீஃபாவுக்கு அது தெரியாது. ஒரு சின்னத் தீவில் மளிகைக்கடை வைத்திருப்பவள். அம்மாவின் சிகிச்சைக்காக மதுரையில் ஏழு மாதம் இருந்தபோது தமிழ் பழகியவள். ஏற்றுமதி முழுக்க இந்த இரண்டு பெண்களும் குரல்பதிவில் பேசி நடத்தியது. ஹாலிதா போன பிறகு வந்த ஆர்டருக்கு, அவள் போனிலிருந்தே 'சரி' என்று தட்டினேன். பிறகும் அப்படியே. காலையில் ஷரீஃபா, 'ஹாலிதா, சாப்பிட்டியா' என்று கேட்பாள். 'சாப்பிட்டேன்' என்று தட்டுவேன்.

அந்தப் பதினாறு பெட்டிக்கான காய் வந்த அன்று மழை. தூத்துக்குடியிலிருந்து சரக்குத் தோணியில் மாலே போய், அங்கிருந்து இன்னொரு படகில் தீவு சேர எட்டு நாள் ஆகும். அதனால் ஹாலிதா ஈரக் காயைப் பெட்டியில் போடவே மாட்டாள். சாக்கு விரித்து ஒரு பகல் முழுக்க ஆறவிட்டு, காம்பு உள்ளதாகப் பார்த்து ஒவ்வொன்றாய் எடுத்து வைப்பாள்.

"ஏய்யா, கையில தண்ணி ஒட்டுது பாருங்க," என்றாள் தரம் பிரிக்கும் ஆவுடையம்மாள். "நாளைக்கிக் கட்டுவோம்."

தூத்துக்குடியில் சரக்கு ஏற்றிவிடும் சாம்ராஜ் போனில் சிரித்தான். "நாளைக்குத் தோணி போயிரும் வே. எலுமிச்சங்கா என்ன கல்யாணப் பொண்ணா, துவட்டி பவுடர் போட்டு அனுப்ப?"

கட்டச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

படத்துக்குக் கீழே ஒரு குரல்பதிவு. இனி காய் வேண்டாம் என்பாள் என்று நினைத்துத்தான் அழுத்தினேன்.

"ஹாலிதா, இது உன் கை இல்ல. நீ ஈரம் வைக்க மாட்ட. உடம்பு சரியில்லையா? இல்ல, வயித்துல குழந்தையா? சொல்லு. டைப் பண்ணாத. எத்தனை நாள் ஆச்சு நீ பேசி. குரல் அனுப்பு."

எதிரே புதுக் காயைக் குவித்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் நிமிர்ந்தாள். "திட்டுதாளோ?"

"இல்லக்கா."

"பின்ன?"

போன் திரையைத் தள்ளினேன். ஹாலிதாவின் பழைய பதிவு ஒன்று. பதினான்கு நொடி. 'நல்லாருக்கேன் ஷரீ, வேலை ஓயல' என்று தொடங்கும். அதையே மறுபடி அனுப்பினால் நம்பிவிடுவாள். அனுப்பும் இடம் வரை விரல் போனது.

விரலை விலக்கி மைக்கை அழுத்திப் பிடித்தேன்.

"ஷரீஃபா, நான் நியாஸ். ஹாலிதா மாப்ள. அவ..."

விரல் வழுக்கியது. பேசியது மட்டும் அவளுக்குப் போய்விட்டது. போனைக் குவியல்மேல் வைத்தேன்.

ஷரீஃபாவிடமிருந்து அழைப்பு வந்தது. சத்தமில்லை, அதிர்வு மட்டும். போன் துடிக்கத் துடிக்க உச்சியிலிருந்த காய்கள் ஒவ்வொன்றாய் நழுவித் தரையில் உருண்டன. ஆவுடையம்மாள் குனிந்து பொறுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.