ஃபெல்மரின் மழை ஏரி

கம்பத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஞானதுரைக்கு ஒரே பித்து, எட்வின் ஃபெல்மர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மலையும் ஏரியுமாக வரைந்து தள்ளிய ஆங்கிலேயர். எஸ்டேட் பங்களாக்களில் பழைய சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், ஜீப் பிடித்துக் கேரளாவுக்குப் போய்விடுவார். அச்சுப்படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஃபெல்மர் தன் கையால் தீட்டிய நீர்வண்ண ஓவியம்தான் ஒன்றுகூட அகப்படவில்லை.

அகப்பட இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஓர் ஏலத்தில், 'மழை ஏரி' என்ற ஓவியத்தை அவர் கண்ணெதிரே தட்டிக்கொண்டு போனார் சின்னமனூர் வியாபாரி அழகர். அவருக்கும் அதே பித்து. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இப்போது அழகரின் மனைவி ஹேமாவதியிடமிருந்து போன் வந்தது. "அவுக பக்கவாதம் வந்து படுக்கையில இருக்காகண்ணே. அந்தப் படத்தை நீங்க எடுத்துக்கிறீகளா?"

ஞானதுரை உடனே பஸ் ஏறினார். வழிநெடுக, வீட்டில் எந்தச் சுவரில் மாட்டுவது என்பதே யோசனை.

அங்கே போய்ப் படத்தைப் பார்த்தவருக்குத் திக்கென்றது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் தொங்கியது. வெயில் நேராக விழுந்து, ஏரியின் நீலம் வெளிறத் தொடங்கியிருந்தது.

"என்ன தங்கச்சி, இப்படி வெயில்ல மாட்டியிருக்கீக!"

"கட்டில் இங்கன கெடக்குதுல்லண்ணே. படுத்தபடி பாக்க அந்தச் செவருதான் தோது. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்காக."

"அப்புறம் ஏன் குடுக்கிறீக?"

"அவுகதான் ஒங்க பேரைச் சொன்னாக. நெறம் போறது அவுகளுக்கும் தெரியுதுண்ணே."

ஏலத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஆள், தலையணையில் சுருங்கிக் கிடந்தார். ஞானதுரை படத்தைக் கழற்றியதும் அழகர் கண்களை மூடிக்கொண்டார்.

ஞானதுரை வாசலுக்குப் போகவில்லை. வெயில் எட்டாத பக்கச் சுவரில், காலண்டரை எடுத்துவிட்டு அந்த ஆணியில் படத்தை மாட்டினார். "அந்தப் பக்கம் புடிங்க, தங்கச்சி." இருவருமாகக் கட்டிலைத் திருப்பினார்கள்.

"கண்ணைத் தெறந்து பாருங்க அழகரு. இங்கன வெயில் வராது."

அழகரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று ஹேமாவதிக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் குழறியதைக் குனிந்து கேட்டுச் சொன்னாள்: "ஒங்க படங்களையும் கொண்டாரச் சொல்றாகண்ணே."

அந்த ஞாயிற்றுக்கிழமை, தன் அச்சுப்படங்களில் நல்லவற்றைத் துணியில் சுற்றிக்கொண்டு ஞானதுரை மறுபடி போனார். ஒரு மலைப்படத்தைக் கண்டதும் அழகர் தலையாட்டி மறுத்தார். அது ஃபெல்மர் வேலையே இல்லையாம். பொழுது சாயும்வரை இருவரும் அதற்காகச் சண்டை போட்டார்கள்.