வெளிச்சப் பெட்டிக்குப் போன சாலம்மாள்

கோகிலவாணிக்குப் பிறவியிலேயே மீன் செதில் போல உதிரும் தோல். பரம்பரையாக வருவது. நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையில் வேலை. லட்சம் கோழிகளுக்கு வைட்டமின் டி அளந்து கலப்பவள் அவள்தான். அவள் இரத்தத்திலோ அந்தச் சத்து எட்டுதான் இருக்கிறது, குறைந்தது இருபது வேண்டும் என்று சேலத்துத் தோல் டாக்டர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்ற கோழிகளே தேவலைங்க டாக்டர்!"

வெயிலில் நின்றால் அவளுக்கு வியர்க்காது. உடம்பு அடுப்பாய்க் கொதிக்கும். அதனால் மாத்திரையோடு, வாரம் இரண்டு நாள் புறஊதா விளக்குப் பெட்டிக்குள் சில நிமிடம் நிற்கச் சொன்னார்.

கணவனின் அக்கா சாலம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விசேஷங்களில் போட்டோ எடுக்கையில் கோகிலவாணியைப் பின்வரிசைக்கு அனுப்புகிறவள் அவள்.

"சேலத்துக்கு எதுக்கு புள்ள அடிக்கடி போற?"

"வெளிச்சப் பெட்டிக்குங்க அண்ணி. உள்ள நின்னா மேலெல்லாம் வெளிச்சம் அடிக்கும்."

"செவப்பாக்குமா?"

"நெறம் மாறுமுங்க" என்றாள் கோகிலவாணி. அது பொய்யில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாலம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோகிலவாணியோடு பஸ் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் விளக்கு போடும் ரஞ்சனி கேட்டாள்: "உங்களுக்கு என்ன வியாதிங்க?"

"வியாதியெல்லாம் இல்ல சாமி. மக கல்யாணம் வருது. கொஞ்சம் வெளுக்கோணும்."

"ஐயோ, இதுல நின்னா கறுக்குமுங்க!"

சாலம்மாள் திரும்பி முறைத்தாள். கோகிலவாணி சுவரிலிருந்த தீயணைப்பு அறிவிப்பை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வந்ததுதான் வந்தோம் என்று சாலம்மாள் தன் இடுப்புவலியை டாக்டரிடம் அவிழ்த்துவிட்டாள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதே சத்து, ஆறுதான்! கறுத்துவிடுவோம் என்று பத்து வருடமாக வெயிலில் தலைகாட்டாதவளுக்கு வேறென்ன இருக்கும்? மாத்திரையோடு, தினமும் பகல் பதினொரு மணி வெயிலில் கால்மணி நேரம் என்று எழுதிக்கொடுத்தார் டாக்டர்.

மூன்று மாதத்தில் கோகிலவாணிக்கு அந்தச் சத்து இருபத்துநான்கு ஆனது. தோல் மாறிவிடவில்லை, முழங்கைச் செதில் மட்டும் மெலிந்தது. வெகுநாளாக இருந்த கால்வலியும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சாலம்மாள் மொட்டைமாடி வெயிலில் நிற்க, படியின் நிழலில் உட்கார்ந்து செல்போனில் மணி பார்ப்பது அவள் வேலை.

"இன்னும் எட்டு நிமிசமுங்க அண்ணி."

"முன்னமே எட்டுன்னு சொன்னியே, பாவி!"

"அப்படிங்களா?" என்று கோகிலவாணி நிலக்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.