ஒரு நெஞ்சுக்கு இரண்டு பேர்

எங்கள் ஊரில் இருமல் மருந்து வாங்கினால், பாட்டிலோடு வேலையாட்களும் வீட்டுக்கு வருவார்கள். சாதா மருந்துக்கு ஒருவர். இருமலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் சேர்த்துப் போட்ட மருந்துக்கு இரண்டு பேர். ஒருவர் இருமலை அடக்குகிறவர், மற்றவர் சளியை இளக்குகிறவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நோயாளியின் வாய் வழியாக உள்ளே போய் வேலை பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரர் மயிலேறிக்கு நெஞ்சு கட்டிக்கொண்டபோது நானும் அப்படி ஒரு பாட்டில் வாங்கினேன். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். யார் வந்தாலும் பேரும் நேரமும் கேட்காமல் உள்ளே விட மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவர்கள்தான் முதலில் என்னைக் கேட்டார்கள்.

"வேற மருந்து எதுவும் சாப்பிடுதாரா? மனசுக்கு, பிரஷருக்கு, தூக்கத்துக்கு?" என்றார் அடக்குகிறவர். ஒல்லியான ஆள், கழுத்தில் விசில் தொங்கியது.

இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

"ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இந்த மூடியில கோடு போட்டிருக்கு, அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. வீட்டுக் கரண்டி எதையும் தொடாதீங்க. ஏழு நாள்ல தீரலைன்னாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில ரத்தம் வந்தாலோ எங்களை நம்பி உக்காந்திருக்காதீங்க. டாக்டர்கிட்ட போங்க."

"எனக்குத் தண்ணி வேணும்" என்றார் இளக்குகிறவர், வாளியைக் காட்டி. "அவரு நல்லா தண்ணி குடிச்சாத்தான் என் வேலை ஓடும்."

எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குகிற ஆட்களை டிப்போவிலேயே நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் இருமல் கேட்டால், சொந்தக்காரர்கள் அவரவர் வீட்டு மருந்தை அவரவர் கரண்டியில் ஊற்றிவந்து தங்கள் கையாலேயே ஊட்டிவிட வேண்டும். நீட்டிய கையை ஊட்டாமல் மடக்கக் கூடாது. வேண்டாம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. தெருக்கோடி வீட்டுத் துரைப்பாண்டி அண்ணாச்சியும் சொல்லவில்லை. போன மாசம் ஒரே மத்தியானத்தில் மூன்று வீட்டு மருந்தை வாங்கிக்கொண்டார். மூன்று அடக்குகிறவர்களும் உள்ளே நின்று சேர்ந்தாற்போல் விசில் ஊதினார்கள். இருமல் நின்றது. தன்னையும்தான் நிற்கச் சொல்கிறார்கள் என்று மூச்சும் பாதியில் நின்றது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆள் பிழைத்ததே பெரிய காரியம்.

என் வீட்டுக்காரர் அண்ணாச்சியைவிட மோசம். பிறந்ததிலிருந்து யாருக்கும் மறுப்புச் சொன்னதில்லை. யார் கரண்டியைத் தூக்கினாலும் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

இரண்டாம் நாள் காலையில் அவருடைய அக்கா பேச்சியம்மாள் மதினி வந்தார். ஒரு கையில் சிங்கம் போட்ட பாட்டில், இன்னொரு கையில் குழம்புக் கரண்டி. பின்னால் இரண்டு பேர். ஒருவர் கழுத்தில் விசில், ஒருவர் கையில் வாளி. சட்டை மட்டும் பச்சை.

உள்ளே வேலையில் இருந்த அடக்குகிறவர் என் வீட்டுக்காரரின் பல்வரிசைக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அது நான்தான்" என்றார்.

"மதினி, இவங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே உள்ளதான் இருக்காங்க" என்றேன்.

"அது வேற, இது வேற, பூரணம். இது சிங்கம் போட்டது. கம்பெனியே வேற."

"சட்டைதான் வேற, ஆளு ஒண்ணுதான். பாட்டிலுக்குப் பின்னால பொடி எழுத்துல போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க."

"பாசமா கொண்டுவந்தவகிட்ட பொடி எழுத்தப் படிக்கச் சொல்லுதியே, நீ நல்லாருப்பியாட்டி?"

"நல்லாத்தான் இருப்பேன். அவரும் நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் என் வீட்டுக்காரர் வாயைப் பொத்தினேன். மதினி கரண்டியை நீட்டினார். வழக்கப்படி அதற்குமேல் அவரால் கையை மடக்க முடியவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.

அப்படியே மூன்று நாள் நின்றோம். தெருவே வாசலில் வந்து என்னை ஏசியது. அகம்பாவம் பிடித்தவள் என்றார்கள். ஆமாம் என்றேன். கூடப்பிறந்தவளைவிட நீ பெரியவளா என்றார்கள். அவர் மூச்சு பெரிசு என்றேன். எவ்வளவு ஏசினாலும் சரி, ஒரு விசிலுக்கு மேல் அந்த நெஞ்சுக்குள் போகாது என்று உரக்கவே சொன்னேன். அவருக்கு மூடியில் மருந்தோ, தண்ணீரோ, கஞ்சியோ கொடுக்கும்போது மட்டும் இடது கையால் மதினியின் கரண்டியைத் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். மதினிக்கும் நான்தான் இட்லி ஊட்டினேன். சண்டை சண்டைதான், அதற்காகப் பட்டினி போட முடியுமா? நீட்டிய கை சும்மாதானே இருக்கிறது என்று துண்டையும் அதில் காயப்போட்டேன். பச்சைச் சட்டைக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து தாயம் ஆடினார்கள்.

என் லீவு மூன்று நாள்தான். ஐந்தாம் நாள் காலை டிப்போவுக்குப் போயாக வேண்டும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"இன்னிக்கு உங்க வாய்க்கு நீங்கதான் காவல். அண்ணாச்சி கிடந்த கிடப்பை நினைச்சுக்கோங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளங்கையை எடுத்தேன்.

மதினியின் கரண்டி உதடு வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. உள்ளே நாக்கின் மேல் எங்கள் ஆட்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். என் கை தானாக எழுந்தது, நான் அதை அடக்கிக்கொண்டேன்.

"வேண்டாம்க்கா" என்றார் அவர்.

அந்த 'வேண்டாம்' அவர் வாயிலிருந்து வெளியே வந்து தரையில் நின்றது. கன்றுக்குட்டி உயரம் இருந்தது. முதல் தடவை என்பதால் கால் கொஞ்சம் நடுங்கியது. மதினியின் கை மெல்லக் கீழே இறங்கியது. பச்சைச் சட்டைக்காரர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பாட்டிலுக்குள் போய்விட்டார்கள். மதினி தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார்.

"கடிக்குமா?"

"கடிக்காது மதினி."

"நாளைக்கு என் மாமியா கசாயத்தோட வாராக. முப்பது வருசமா அவுகளுக்கு வாயத் தொறந்துக்கிட்டே இருக்கேன் பூரணம்" என்றார். "ரெண்டு நாளைக்கு இதக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. வெயில்ல கட்டிப்போடாதீங்க."

முந்தானையை அதன் கழுத்தில் போட்டு மதினி தெருவில் நடத்திக் கூட்டிப்போனார். சைக்கிளில் வந்த பால்காரர் இறங்கி ஒதுங்கி வழிவிட்டார்.

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு 'வேண்டாம்' சொல்லிப் பார்த்தார். இது கொஞ்சம் சின்னதாக வந்தது. எங்கள் வீட்டுக்கு அது போதும்.