சீதனப் பல்செட்டு

சாப்பாட்டு மேஜையில் அக்கா அல்பெர்த்தின் தன் மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றினாள். அதில் ஒட்டியிருந்த மீன் துணுக்கை நாக்கால் வழித்துத் தின்றுவிட்டு, செட்டைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தங்கை ஒடிலுக்கு வாயிலிருந்த உருளைக்கிழங்கு உள்ளே போகவில்லை. சீ, என்ன கர்மம் இது!

"ஏன்டி மூஞ்சியச் சுளிக்கிற? அடுத்த வாரம் உனக்கும் இதே கதிதான்," என்றாள் அக்கா. பொக்கை வாயிலிருந்து எச்சில் தெறித்து ஒடிலின் தட்டில் விழுந்தது.

அக்கா சொன்னது பொய்யில்லை. எங்கள் நியூ பிரன்ஸ்விக் கடலோர ஊர்களில் அந்தக் காலத்தில் இப்படியொரு சீர் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் முன் அவள் பல் அத்தனையையும் பிடுங்கிவிட்டு, பொய்ப்பல் கட்டி அனுப்புவார்கள். நாளைக்குப் பல்வலி, டாக்டர் என்று மாப்பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாதாம். பெரிய மனசு! நல்ல பல்லா, சொத்தைப் பல்லா என்று எவனும் பார்ப்பதில்லை. ஒடிலுக்குக் கடைவாயில் ஒரே ஒரு சொத்தை. மற்றதெல்லாம் கல்லு மாதிரி இருந்தது.

அப்பா ஃபிலியாஸிடம் அழுது பார்த்தாள்.

"மாப்பிள்ளை எஃப்ரெமுக்கு வாக்குக் குடுத்தாச்சு. ஊருக்கே தெரியும். இப்ப உன்னைப் பல்லோட அனுப்பினா, ஃபிலியாஸ் கஞ்சப்பயன்னு கைகொட்டிச் சிரிப்பானுங்க," என்றார் அவர்.

"எஃப்ரெமே வேண்டாம்னுட்டா?"

அப்பா தாடையைச் சொறிந்தார். "சீரு அவனுக்கு. அவனே வேண்டாம்னா எனக்கென்ன வந்துச்சு?"

ஒடிலுக்கு உயிர் திரும்பி வந்தது. எஃப்ரெம் நல்லவன். அதிர்ந்து பேசமாட்டான். சிரித்தால்கூட உதட்டைத் திறக்காமல் சிரிப்பான். எவ்வளவு அடக்கம் என்று அதில்தான் மயங்கியிருந்தாள், பைத்தியக்காரி. அன்று சாயங்காலமே அவன் மீன் புகைபோடுகிற கொட்டகைக்கு ஓடினாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாயைத் தொற, பாப்போம்," என்றான் எஃப்ரெம்.

திறந்தாள். மீனெண்ணெய் வழிகிற விரலை உள்ளே விட்டு, ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தான். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான். ஆனாலும் பொறுத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்று விரலைக் கால்சட்டையில் துடைத்தான். "இருந்தாலும் பிடுங்கிரு. இன்னைக்கு நல்லா இருக்கும், நாளைக்குப் புழுத்துப்போகும். அப்புறம் எவன் அழறது? அம்மாவும் சொல்லிட்டாங்க."

"உன் பல்லு?"

"ஆம்பளை வாயை எவ பாக்கப்போறா?" என்று சொல்லி, வாயை மூட மறந்து பெரிதாகச் சிரித்துவிட்டான்.

அப்போதுதான் பார்த்தாள். கருகிப்போன வேர்கள், அடியில் பச்சைப் பாசி, ஈறு வீங்கி ஓரத்தில் சீழ் கசிந்துகொண்டிருந்தது. அவன் பக்கத்தில் வந்தாலே அடிக்கிற நாற்றத்தை மீன் நாற்றம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அது மீன் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

அடுத்த வாரம் பல் டாக்டர் பூர்க் வந்து, சர்ச் ஹாலில் மடக்கு நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் வாளியை வைத்தார். அப்பா, அக்கா, எஃப்ரெம் மூவரும் வேடிக்கை பார்க்கிற மாதிரி வந்து நின்றார்கள். டாக்டர் ஒடிலின் வாயை நன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணை அடைச்சாப் போதும். மத்ததெல்லாம் சாகிற வரைக்கும் உழைக்கும். இதையா பிடுங்கச் சொல்றீங்க? எனக்கே அருவருப்பா இருக்குய்யா!"

"மாப்பிள்ளை சொல்லட்டும்," என்றார் அப்பா.

"பிடுங்குங்க டாக்டர்," என்றான் எஃப்ரெம், உதட்டை இறுக்கிக்கொண்டு.

டாக்டர் முணுமுணுத்தபடி ஊசியை எடுத்தார். ஒடில் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள்.

"அப்பா, இந்தச் சீரு யாருக்கு?"

"மாப்பிள்ளைக்குத்தான். அதுக்கென்ன இப்ப?"

"அப்ப அவன் வாயிலயே கட்டு! பல்வலிச் செலவு வரக்கூடாது, அவ்வளவுதானே? அந்தச் செலவு யார் வாயில இருந்து வரப்போகுதுன்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும்!"

எஃப்ரெம் சட்டென்று கையால் வாயைப் பொத்தினான். பொத்தியதுதான் தப்பு. அப்பாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"தொறந்து காட்டு மாப்ள. ஒளிச்சு வைக்க அதுல என்ன புதையலா இருக்கு?" என்று கையை இழுத்தார்.

டாக்டர் குனிந்தார். குனிந்த வேகத்திலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அட கடவுளே! இதுல ஒண்ணுகூடத் தேறாது. எல்லாத்தையும் இப்பவே எடுத்தாகணும்!"

அப்பா எட்டிப் பார்த்தார். காலம் முழுக்க மீன்குடலில் கைவைத்துப் பிழைத்த மனுஷன், ஓங்கரித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அக்கா அல்பெர்த்தினும் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் கழட்டி வைக்கிறது எவ்வளவோ தேவலடி!" என்று ஒடிலிடம் சொன்னாள்.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். செலவு என்னோடது. உக்காருடா."

எஃப்ரெம் நாற்காலியைப் பார்த்தான். பல் பிடுங்குகிற குறட்டைப் பார்த்தான். வாளியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்," என்று வாசலைத் தாண்டினவன்தான், அப்புறம் ஆளையே காணோம்.

ஒடில் தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் அந்த ஒரு சொத்தையைச் சுரண்டிச் சுத்தம்செய்து அடைத்துவிட்டு, டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். கொப்பளித்து வாளியில் துப்பினாள். இன்னொரு டம்ளர் கேட்டாள். அதையும் துப்பிவிட்டு மறுபடி டம்ளரை நீட்டினாள்.

"அடைச்சது ஒரு பல்லுதானேம்மா, போதும்," என்றார் டாக்டர்.

"இது பல்லுக்கு இல்ல டாக்டர். ஊத்துங்க," என்றாள் ஒடில். "அந்த நாய்க்கு ரெண்டு தடவை முத்தம் குடுத்துத் தொலைச்சிருக்கேன்."