நூறு வயது போடுங்க

எங்கள் அலுவலகக் கணினியில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை உருவாக்கியவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவேன். ‘எத்தனை வயது வரை உயிரோடு இருப்பீர்கள்?’ என்பதுதான் அந்தக் கட்டம். ஓய்வுக்காலத் திட்டம் போட வருகிறவர்களிடம் நான் சிரித்த முகத்தோடு அதைக் கேட்க வேண்டும். அது காலியாக இருந்தால் கணக்கு ஓடாது.

லோகேஸ்வரன் அண்ணனும் அவர் மனைவி கஸ்தூரி அக்காவும் கெலாங் பாத்தாவிலிருந்து ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தார்கள். அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிள்ளைகள் பெரியவர்களாகித் தனியாகப் போன பிறகும், விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கடல்மேல் இருக்கும் எல்லைப் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் துவாஸ் கப்பல் பட்டறைக்குப் போய்வருகிறார். முட்டி இரண்டும் போய்விட்டன. போன மாதம் மழையில் பாலத்திலேயே வழுக்கி விழுந்து எழுந்தவர்.

“இந்தத் தீபாவளியோட நின்னுடலாமா, தங்கச்சி? அத மட்டும் சொல்லுங்க,” என்றார்.

நான் விளக்கினேன். கணினி அவர்களுடைய மிச்ச வாழ்க்கையை ஆயிரம் விதமாக வாழ்ந்து பார்க்கும். ஒன்றில் விலைவாசி ஏறும், ஒன்றில் முதலீடு சரியும், ஒன்றில் எல்லாம் நன்றாகவே போகும். கடைசிவரை கையில் காசு இருப்பது நூற்றுக்கு எத்தனை தடவை என்று பார்ப்போம்.

“நூறு நாள் பாலத்துல போனா எத்தன நாள் ஜாம் இல்லாம போவேன்னு கேக்குற மாதிரியா?”

“அதேதான்ணே.”

“அப்பப் புரியுது. முப்பது நாள்கூடத் தேறாது லா,” என்று எங்கள் ஊர் ‘லா’ போட்டுச் சிரித்தார். எத்தனையோ படித்தவர்களுக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டிப் புரியவைத்திருக்கிறேன். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதன்பிறகுதான் அந்தக் கட்டத்துக்கு வந்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள் கஸ்தூரி அக்கா முந்திக்கொண்டார்.

“நூறு போடுங்க. ரெண்டு பேருக்கும்.”

நம் ஆட்களிடம் கேட்டால் இதுதான் வரும். திட்டத்துக்குக் கேட்கிறேன் என்பதே மறந்து, கோயிலில் வேண்டிக்கொள்கிற மாதிரி சொல்லிவிடுவார்கள். சொன்ன எண்ணை நான் போட்டேதான் ஆகவேண்டும். போட்டேன். தீபாவளியோடு நின்றால் நூற்றுக்குப் பத்தொன்பது என்று சிவப்பில் வந்தது. நூற்றுக்கு எழுபதைத் தாண்டினால்தான் நான் தைரியமாகத் தலையாட்டுவேன். அதற்கு அண்ணன் அறுபத்தேழு வயது வரை பாலம் கடக்க வேண்டும் என்றேன்.

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. மேசைக்கு அடியில் முட்டியைத் தடவிக்கொண்டார்.

“அக்கா, சும்மா ஒரு கணக்குக்கு, எண்பத்தஞ்சு போட்டுப் பாக்கலாமா?” என்றேன்.

“என்ன பிரவீனா, நல்ல நாளும் அதுவுமா! நல்ல வார்த்த சொல்லுங்க. நாம ஒன்னு சொல்லி வைக்க, அது பலிச்சிடுச்சுன்னா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் நல்ல வார்த்தைதான் அக்கா இந்த மனுசனை மழையிலும் வெயிலிலும் விரட்டப்போகிறது என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் என் வீட்டுக்காரருக்கு நான் என்ன எண் போடுவேன்? திட்டம் போடுவதே பிழைப்பு, எங்கள் வீட்டுத் திட்டத்தில் மட்டும் அந்தக் கட்டம் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “எனக்கு எண்பது போடுங்க, தங்கச்சி. அவளுக்கு நூறே இருக்கட்டும்.”

அவர் அதைத் தாராள மனதோடுதான் சொன்னார். கஸ்தூரி அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ அதுக்கப்புறம் நான் அத்தன வருசம் தனியா இருக்கணுமா?”

“கணக்குக்குத்தானே கஸ்தூரி...”

“கணக்குலகூட என்னை விட்டுட்டுப் போவீங்களா?”

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சந்தையில் கீரை விலை சொல்கிற குரலில் என்னிடம் சொன்னார். “அவருக்கு நூறுதான். எனக்கு அறுபத்தஞ்சு போடுங்க. ஒரு ஆள் செலவு குறையும்ல? அப்ப அவரு நின்னுடலாம்ல?”

அக்காவுக்கு இப்போது ஐம்பத்தைந்து. என் விரல்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு மூளை கிடையாது. சொன்னதைத் தட்டிவிட்டன. கணினிக்கு என்ன தெரியும்? ஆயிரம் வாழ்க்கையையும் வாழ்ந்து பார்த்துவிட்டு, எழுபத்திரண்டு என்று பளிச்சென்று பச்சை காட்டியது.

அண்ணன் எதற்காக வந்தாரோ அது திரையில் இருந்தது. தீபாவளியோடு நின்றுவிடலாம். அவர் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஆசையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

“அழிங்கம்மா,” என்றார் அண்ணன்.

“ஏங்க, பச்ச வந்துருச்சே...”

“அழிங்கன்னேன்ல!” அதுவரை அவர் குரல் உயரவே இல்லை. பிறகு உடனே தணிந்தார். “ரெண்டு பேருக்கும் நூறே போடுங்க. அறுபத்தேழுன்னுதானே சொன்னீங்க? போறேன். என்ன இப்ப, பழகுன பாலம்தானே.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் வீட்டில் இருக்கவேண்டும் என்றுதான் அக்காவுக்கும் ஆசை. அந்த ஆசைக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. ஒருவர் சொன்ன எண்ணை மற்றவரால் தாங்க முடியவில்லை. நான் அழித்தேன். மறுபடி நூறு, மறுபடி சிவப்பு.

வழியனுப்பக் கீழே இறங்கினேன். வெளியே தூறல். ஸ்கூடாய் சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணன் காலைத் தூக்கிப்போட்டு வண்டியில் ஏறுவதற்குள் இரண்டு முறை பல்லைக் கடித்தார். அக்கா அவருடைய ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டு, பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா ஓட்டுங்க. நூறு வயசு இருக்கணும்.”

“இருக்கேன் லா,” என்றார் அண்ணன்.