முன்னூற்றுப் பன்னிரண்டு கடவுச்சொற்கள்

ஆபீசில் அவனைப் பூட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் போகிற வருகிற தகவலை யாரும் எட்டிப் பார்க்காதபடி பூட்டி வைப்பது அவன் வேலை. பூட்டுவது பெரிய காரியமில்லை. பூட்டைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பிராணனை வாங்கும். பன்னிரண்டு வருடமாக அதே ஏழெட்டுக் கேள்விகள்.

அந்தச் சனிக்கிழமை அரை நாளும் அதிலேயே போனது. “அட்ரஸ் பக்கத்துல குட்டிப் பூட்டுப் படம் வந்தா பத்திரம்தானே?” என்று மேலாளர் கேட்டார்.

“போற வழி பத்திரம் சார். அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவன் திருடனா இருந்தா அதுக்குப் பூட்டு பொறுப்பில்ல.”

அடுத்து கணக்குப் பிரிவு அம்மா. நூற்று இருபத்தெட்டு பிட் சாவி போதுமா, இருநூற்று ஐம்பத்தாறு வேண்டுமா என்று எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தார். எதைப் போட்டாலும் உடையாது, கடவுச்சொல்லை எழுதி உங்கள் திரையில் ஒட்டியிருக்கிற மஞ்சள் காகிதத்தை முதலில் கிழியுங்கள் என்றான். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கிளை அலுவலகத்திலிருந்து ஒருத்தர் போனிலேயே சண்டைக்கு வந்தார். பழைய இணைப்பு முறையை ஏன் நிறுத்தினீர்கள், நேற்று வரைக்கும் நன்றாகத்தானே ஓடியது? அதை உடைக்கிற வழி ஊருக்கே தெரிந்துவிட்டது என்று கரடியாய்க் கத்திப் பார்த்தான். அவருக்கு மறுபடியும் நேற்று வரைக்கும் ஓடியதுதான் நியாயமாகப் பட்டது.

மூன்று மணிக்கு அண்ணி வீட்டுக்குப் போனபோது அவனிடம் பேச்சே மிச்சமில்லை. வரச்சொன்னது அண்ணிதான். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அண்ணன் இறந்துபோய்ப் பதினான்கு மாதமாகிறது. அண்ணனின் லேப்டாப் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் அன்றிலிருந்து பூட்டியபடியே கிடக்கிறது.

அண்ணன் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சிகள் சொன்னது, பாதிக்கப்பட்டவர்கள் சொன்னது எல்லாம் அந்த லேப்டாப்பில் இருந்தது. அதனால் அதன் ஹார்ட் டிஸ்க் மொத்தத்தையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கொடுத்தவன் இவன்தான். போன் நிரம்பிவிட்டதென்று வீட்டு வீடியோக்களையும் அதிலேயே கொட்டி வைத்தது அண்ணனின் சோம்பேறித்தனம். பாப்பா குப்புற விழுந்தது, நடந்தது, முதல் தடவை சிரித்தது எல்லாம் உள்ளே. வீடியோ எடுத்தது அண்ணன் என்பதால் அவர் முகம் எதிலும் இருக்காது, குரல் எல்லாவற்றிலும் இருக்கும். வெளியே மிச்சமிருப்பது அண்ணி போனில் சில குரல் துண்டுகள்: ‘வந்துட்டேன்’, ‘பால் வாங்கவா?’, ‘கதவத் திற’.

பாப்பா உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வங்கியில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர், உட்காரும்போதே முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து பாப்பா கேக்கறா தம்பி. அப்பா கதை சொல்லுவாராம்மா, எப்படிச் சொல்லுவாருன்னு. நான் குரல மாத்தி ரெண்டு வரி சொன்னேன். ‘இது நீதான்’னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா.”

அவன் தண்ணீரைக் குடித்தான். வேறென்ன செய்ய?

அண்ணி ஒரு நாற்பது பக்க நோட்டை அவன் முன்னால் தள்ளினார். வரிசையாக எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சொல், ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒரு பெருக்கல் குறி. கல்யாணத் தேதி. பாப்பா பிறந்த தேதி, முன்னிருந்து, பின்னிருந்து. முதலில் குடியிருந்த வீட்டு எண். விற்றுப்போன பைக்கின் நம்பர். மாமனார் பெயர்.

“லீவு நாள்ல உக்காந்தா அஞ்சு. அஞ்சு தப்பானா அதுவே அணைஞ்சுடுது. அப்புறம் எனக்கும் தெம்பு இருக்காது. முன்னூத்திப் பன்னெண்டு ஆச்சு. எல்லாத்தையும் தானே போட்டுப் பாக்கற மெஷின் இருக்காமே, பேங்க்ல ஒரு பையன் சொன்னான். உங்க ஆபீஸ்ல இருக்கா?”

“இருக்கு அண்ணி. அது இதுக்குப் பத்தாது.”

“ஏன்?”

பதினான்கு மாதத்துக்கு முன்னால், காரியங்களெல்லாம் முடிந்த வாரத்தில், ‘நான் யோசிச்சுப் போட்டுப் பாக்கட்டுமா?’ என்று இதே மேஜையில் அண்ணி கேட்டபோது, ‘பாருங்க அண்ணி’ என்று சொன்னவன் அவன். வராது என்று தெரிந்தேதான் சொன்னான். அந்த முகத்தைப் பார்த்து வராது என்று சொல்ல அன்றைக்குத் தைரியம் இல்லை. அப்புறம் ஒவ்வொரு மாதமும் தைரியம் குறைந்துகொண்டே போனது. ஊரில் எல்லாருக்கும் மூஞ்சியில் அடித்தமாதிரி பதில் சொல்கிறவன், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கோழையாக இருந்துவிட்டான்.

அண்ணி நோட்டை இழுத்துப் புரட்டினார்.

“எனக்கு வீடியோ கிடைக்கலியேன்னுகூட இப்போ தோணல தம்பி. ஒன்பது வருஷம் கூட இருந்தேன். அவர் மனசுல என்ன இருக்கும்னு முன்னூத்திப் பன்னெண்டு தடவை யோசிச்சேன். ஒண்ணுகூட இல்ல. என் பேரு இல்ல, பாப்பா பேரு இல்ல, நாங்க போன இடம், பாத்த படம், எதுவுமே இல்ல. அப்போ யாரை நெனச்சு வெச்சாரு? தெரியாத மனுஷனோடயா குடும்பம் நடத்தினேன்?”

அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவன் சமாளித்திருப்பான். குரலில் வெறும் களைப்புதான் இருந்தது. தொடர்ந்து போட்டுப் பார்த்தும் திறக்காத களைப்பு. அதைக் கேட்டுக்கொண்டு இனியும் சும்மா உட்கார்ந்திருந்தால் தன்னைவிட அயோக்கியன் இருக்கமாட்டான் என்று அவனுக்குத் தோன்றியது.

“அண்ணி, அவர் யாரையும் நெனச்சு வெக்கல. பகடைய உருட்டி வெச்சாரு.”

அண்ணிக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். மனிதன் யோசித்து வைக்கிற சொல்லை இன்னொரு மனிதன் யோசித்தே கண்டுபிடித்துவிடுவான். அதனால் ஏழாயிரத்துச் சொச்சம் சொற்கள் உள்ள பட்டியலை வைத்துக்கொண்டு, ஐந்து தடவை பகடையை உருட்டினால், விழுந்த எண்களுக்கு நேரே இருக்கிற ஒரு சொல். அப்படி ஆறு சொற்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. அண்ணனை இதே மேஜையில் உட்காரவைத்து உருட்டச் சொன்னது அவன்தான். பூட்டுகிறவன் சாவியைப் பார்க்கக்கூடாது என்பது தொழில் விதி. அதனால் அண்ணன் எழுதும்போது அவன் பால்கனியில் போய் நின்றுகொண்டான். ஒரு வாரம் கழித்து, மனப்பாடம் ஆகிவிட்டதா என்று கேட்டு, மடித்திருந்த காகிதத்தைப் பிரிக்காமலேயே சுக்குநூறாகக் கிழித்ததும் அவனே. மாற்றுச் சாவி ஒன்று எடுத்து வீட்டில் வைத்திருக்கலாம். தேவையில்லை, அதுதான் திருட்டுப் போகும் என்று பெரிய மனுஷனாட்டம் சொல்லிவிட்டான்.

“எல்லாத்தையும் சரியா செஞ்சேன் அண்ணி. அதான் தப்பு. எந்த மெஷினாலயும் திறக்க முடியாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீங்க உக்காந்து உக்காந்து போட்டதெல்லாம்...”

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி எழுந்துபோய் அதை இறுக்கிவிட்டு வந்தார். வந்தும் உட்காரவில்லை.

“ஒரு வருஷத்துக்கு மேல பாத்துக்கிட்டே இருந்தீங்க.”

“ஆமா.”

“நான் பைத்தியம் மாதிரி எழுதிட்டிருந்தேன்.”

“ஆமா அண்ணி. மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல.” நிமிராமலேயே அவன் சொன்னான்: “இன்னொண்ணு இருக்கு. நான் பகடைய எடுக்கறதுக்கு முன்னாடி, அண்ணன் தானாவே ஒண்ணு வெச்சிருந்தாரு. வருஷக்கணக்கா அதுதான். நான் கேட்டதும் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பொண்டாட்டியோட செல்லப் பேரையா கடவுச்சொல்லா வெப்பாங்க, ஒரு நிமிஷத்துல உடைச்சுடுவாங்கன்னு திட்டினேன். நான் திட்டினதாலதான் மாத்தினாரு. மாத்தவே மனசில்ல அவருக்கு.”

“என்ன பேரு?”

அவனுக்கு அண்ணியை அப்படிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அண்ணன் மட்டும் கூப்பிடுகிற பேர் அது.

“மூக்கி.”

அண்ணி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்து முதல் பக்கத்துக்குத் திருப்பி, அவன் பக்கமாக வைத்து விரலால் காட்டினார். எண் ஒன்று. மூக்கி. பக்கத்தில் பெருக்கல் குறி.

“முதல் நாளே போட்டேன்” என்றார்.

“சரியாத்தான் போட்டிருக்கீங்க அண்ணி. நான்தான் மாத்திட்டேன்.”

அண்ணி அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே பேனாவைத் தேடி எடுத்து, முதல் வரியில் இருந்த பெருக்கல் குறியை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் பள்ளிக்கூட டீச்சர் போடுவதுபோல ஒரு பெரிய சரி போட்டார்.